ஒற்றைக்காலில் நிற்கும் பெற்றோர்

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால், கோவில் பிராகாரத்தில் காலடி ஓசை ஓய்வதில்லை. நூற்றொரு சுற்று, ஐந்நூற்றொரு சுற்று, ஆயிரத்தொரு சுற்று என்று அவரவர் நேர்ந்துகொண்ட கணக்குப்படி மக்கள் வலம்வந்துகொண்டே இருப்பர். ஆடிச்சுற்று என்று இதற்குப் பெயர். அரியும் அரனும் ஒருருவாய் நிற்கும் திருக்கோலத்தைக் காண வேண்டிக் கோமதி அம்பாள் இந்தப் புன்னைவனத்தில் ஒற்றைக்காலில் தவம் நின்றாள் என்பது தலவரலாறு. அப்படி நின்ற திருவடி நோகுமே, அந்த நோவில் ஒரு பங்கை நம் கால்கள் வாங்கிக்கொள்ளட்டும் என்பதே இந்தச் சுற்றின் உட்கருத்து என்று பெரியவர்கள் சொல்வர். தெய்வத்திடம் கேட்டுப் பெறுவதற்கு எத்தனையோ வழிபாடுகள் உண்டு. தெய்வத்தின் வலியை வாங்கிக்கொள்ளும் வழிபாடு அத்தனை அதிகம் இல்லை.

அந்தக் கூட்டத்தில் சற்று மெதுவாக நடக்கும் சிலரும் இருப்பர். எழுபது வயதைக் கடந்த தகப்பனார் ஒருவர். அவர் கையைப் பற்றியபடி நாற்பது வயது மகன். மகன்தான் முதியவரை அழைத்துச் செல்கிறான் என்று பார்ப்பவர் முதலில் எண்ணுவர். இன்னும் ஒரு சுற்று வந்த பிறகே யார் யாரை அழைத்துச் செல்கிறார் என்பது விளங்கும். ஆண்டின் மற்ற நாள்களில் இவர்களை அம்பாள் சந்நிதியின் முன்மண்டபத்தில் காணலாம். அங்கே ஒருவர் அமரக்கூடிய குழியாக ஸ்ரீசக்கர பீடம் ஒன்று அமைந்திருக்கிறது. திருவாவடுதுறை ஆதீனத்து வேலப்ப தேசிகர் நிறுவியது என்பர். மனக்கலக்கம் உற்றவர்களை அதில் அமரச் செய்து அம்பாளை வேண்டுவது இத்தலத்தின் நெடுநாள் வழக்கம். அமர்பவர் இளைஞராகவோ நடுவயதினராகவோ இருப்பார். அருகில் புற்றுமண் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவள் பெரும்பாலும் அவருடைய வயோதிகத் தாயார்.

பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரைத் தாங்குவது உலகியல்பு. அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் அந்த ஒழுங்கின்மேல் கட்டப்பட்டவை. சில குடும்பங்களில் அந்த ஒழுங்கு தலைகீழாகிவிடுகிறது. மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதினெட்டுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதில்தான் தலைகாட்டுகிறது. படித்து முடித்து வேலைக்குப் போக வேண்டிய பருவம் அது. தசைச்சிதைவு நோய் நடந்துகொண்டிருந்த பிள்ளையை ஆண்டுக்காண்டு தளர்த்தி நாற்காலியில் அமர்த்துகிறது. சாலை விபத்தில் முதுகுத்தண்டுவடம் முறிந்தால் ஒரே நொடியில் இருபத்தைந்து வயது மகன் மீண்டும் கைக்குழந்தையாகிவிடுகிறான். எடை மட்டும் அறுபது கிலோ. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஐம்பது வயதில் அந்தத் தாயால் அது முடிந்தது. எழுபத்தைந்து வயதில் அவளுக்கே முழங்கால் வலிக்கு ஒருவர் தைலம் தேய்த்துவிட வேண்டியிருக்கிறது.

இத்தகைய பெற்றோர் சந்நிதியில் வைக்கும் வேண்டுதல் காலப்போக்கில் மாறுவதுண்டு. முதல் சில ஆண்டுகள், ‘தாயே, இவனைப் பழையபடி ஆக்கிவிடு’ என்று கேட்கிறார்கள். பிறகு, ‘இந்த அளவிலாவது வைத்திரு’ என்கிறார்கள். எழுபது வயதுக்கு மேல் கேட்பது வேறொன்று. அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் கேட்பவர் பதறிவிடுவர். ‘எனக்கு ஒரு நாள் முன்னதாக இவனை அழைத்துக்கொள்.’ பெற்ற பிள்ளை தனக்கு முன் போக வேண்டும் என்று கேட்கும் நிலைக்கு ஒரு தாய் வந்துவிட்டாள் என்றால், அவளுக்கு அன்பு குறைந்துவிட்டது என்று பொருளன்று. தனக்குப் பிறகு அவனைக் குளிப்பாட்ட, கோபம் வராமல் ஊட்டிவிட, இரவில் எழுந்து பார்க்க இந்த உலகில் ஒருவரும் இல்லை என்று அவள் கணக்குப் பார்த்து முடித்துவிட்டாள் என்றே பொருள். அதைக் கேட்டதற்காக அவள் தனியே பிராயச்சித்தம் தேட வேண்டியதில்லை. அந்தக் கணக்கைத் திருத்த வேண்டியவர்கள் அவளைச் சுற்றியிருப்பவர்கள்.

ஆனால் சுற்றியிருப்பவர்களிடமிருந்து அவளுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு தீர்ப்புத்தான். ‘என்ன பாவம் செய்தார்களோ’ என்ற சொல். அதை மெல்லிய குரலில் சொன்னாலும் கேட்கவேண்டியவர் காதில் அது விழுந்துவிடும். குலதெய்வக் குறை, நாக தோஷம், முன்னோர் சாபம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிப் போவர். வினைக்கொள்கை நம் சமயத்தின் அடிப்படைகளுள் ஒன்று, அதை மறுப்பதற்கில்லை. தன்னைத் தான் திருத்திக்கொள்வதற்கென்று பெரியோர் வைத்த கொள்கை அது. அடுத்த வீட்டுக்காரர் கணக்கைத் தணிக்கை செய்ய எவருக்கும் அதிகாரம் வழங்கப்படவில்லை.

பெரியபுராணத்தில் இதற்கு நேரான ஓர் இடம் உண்டு. காவிரியின் வடகரையில் திருச்சிக்கு அருகே உள்ள திருவாசி, அக்காலத்தில் திருப்பாச்சிலாச்சிராமம். கொல்லிமழவன் என்னும் அரசனின் கன்னிமகளை முயலகன் என்ற கொடிய பிணி பற்றிக்கொண்டது. அரசன் செய்யாத மருத்துவம் இல்லை. எதுவும் பயன் தராமற்போகவே, மகளைக் கொண்டுவந்து ஆலயத்தில் பெருமான் திருமுன் கிடத்திவிட்டான். அப்போது அங்கே எழுந்தருளிய திருஞானசம்பந்தர் அந்தப் பெண்ணைக் கண்டார், நடந்ததைக் கேட்டார், உள்ளம் இரங்கினார். அவர் பாடிய பதிகத்தின் போக்கைக் கவனித்தால் ஒன்று புலனாகும். தகப்பனிடம் அவர் எந்தப் பழைய பாவத்தையும் விசாரிக்கவில்லை. இந்தப் பெண்ணை இப்படி வாட்டுவது உமக்குப் பெருமை தருமா என்று இறைவனையே கேட்கிறார். பிணி நீங்கி அப்பெண் எழுந்து நடந்து தந்தையிடம் வந்தாள் என்கிறார் சேக்கிழார் பெருமான். அத்தலத்து நடராசர் திருவடியின் கீழ் முயலகன் இல்லை, பாம்பே இருக்கிறது என்பதைத் தரிசித்தவர்கள் அறிவர். அரசன் மருத்துவர்களை முதலில் நாடினான் என்பதையும், அதற்காக எவரும் அவனை பக்தியில் குறைந்தவன் என்று சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நோயுற்ற பிள்ளையைச் சந்நிதியில் கொண்டுவந்து சேர்ப்பது, ஆக, மிகப் பழைய வழக்கம். அதே வடகரையில் இன்னும் மேற்கே சென்றால் குணசீலம். பிரசன்ன வேங்கடாசலபதி சந்நிதியில் மனநலம் குன்றியவர்களை ஒரு மண்டலம் தங்கவைத்து வழிபடுவது அங்கே மரபு. இன்று அங்கு அரசின் உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. உச்சிக்காலத் தீர்த்தமும் மனநல மருத்துவரின் மருந்துச்சீட்டும் ஓரிடத்தில் பொருந்தியிருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

இப்படித் தங்குவதால் பயன் உண்டா என்பதை அறிவியல் முறைப்படி பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் ரகுராமும் அவருடன் பணிபுரிந்தோரும், தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் சிற்றூரில் உள்ள முத்துசாமி கோவிலுக்கு வந்து தங்கிய 31 பேரை ஆராய்ந்தனர். பெரும்பாலோர் மனச்சிதைவு நோயினர். சராசரியாக ஆறு வாரம் தங்கினர். நோய்க்குறிகளை அளக்கும் அளவுகோலில் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவு தென்பட்டது. இந்த முடிவு 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அந்தக் கோவிலில் பேயோட்டுதலோ தனிச்சடங்கோ கிடையாது. காலையில் பூசை, பிறகு முற்றம் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகள், கூடவே வீட்டார் ஒருவர். யாரும் விரட்டுவதில்லை, யாரும் கேலி செய்வதில்லை. அந்த அமைதியான, அச்சுறுத்தாத சூழலே நன்மை செய்திருக்க வேண்டும் என்று ஆராய்ந்தவர்கள் எழுதினர்.

இதை வைத்து, கோவிலுக்குப் போனால் மாத்திரை வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. அது ஆறு வாரத்து அளவீடு. மனச்சிதைவு நாற்பது ஆண்டுகள் உடன்வரும் நோய். சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் போல இதற்கும் பலருக்கு நீண்டநாள் மருந்து வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று நடுவில் நிறுத்தினால் நோய் முன்னிலும் முரட்டுத்தனமாகத் திரும்புவதுண்டு. புற்றுமண் அம்பாளின் பிரசாதம்; பக்தியுடன் நெற்றியில் தரிக்கத்தக்கது. அதை வாங்கிக்கொண்டதால் மருந்தை நிறுத்திவிடு என்று எந்தச் சந்நிதியிலும் அம்பாள் உத்தரவிட்டதில்லை. அப்படி உத்தரவிடுபவர்கள் மனிதர்கள். பெரும்பாலும் அதற்குக் கட்டணமும் வாங்குபவர்கள்.

வழிபாட்டுத்தலத்தின் பெயரைச் சொல்லி மனிதர்கள் செய்யும் வணிகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் தமிழகம் கண்டது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை அதிகாலையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவிட்டவர்களுள் கல்நெஞ்சர்களும் இருந்திருக்கலாம். ஆனால் களைத்துப்போன பெற்றோரும் அண்ணன்மாரும் வேறு இடம் தெரியாமல் விட்டுச்சென்றவர்களும் இருந்திருப்பார்கள். பராமரிப்பவரின் களைப்பை எவரும் பகிர்ந்துகொள்ளாதபோது சங்கிலி வந்து அந்த இடத்தை நிரப்புகிறது. இன்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரை எவ்விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. வீட்டுத் தூணும் அதற்கு விலக்கல்ல என்று கொள்வதே நலம்.

மாற்று வழிக்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. சங்கரன்கோவில் இருக்கும் அதே தென்காசி மாவட்டத்தில் ஆய்க்குடி இருக்கிறது. அனுமன் நதிக்கரையில் பாலசுப்பிரமணிய சுவாமி எழுந்தருளியுள்ள தலம். பிள்ளை வரம் வேண்டுவோர் ஆற்றுப்படித்துறையில் படிப்பாயசம் ஊற்றிக் குழந்தைகளை உண்ணச் செய்யும் நேர்ச்சை அவ்வூருக்கே உரியது. பிள்ளை வேண்டும் என்று மக்கள் தேடிவரும் அந்த ஊரில், பிள்ளைக்கு நேர்ந்த பேரிடியைத் தாங்கிய வீடும் ஒன்று இருந்தது.

ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் கோயம்புத்தூரில் பொறியியல் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். 1975 ஜனவரியில் பெங்களூரில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின் இறுதிக் கட்டத்தில் உயரத்திலிருந்து விழுந்தார். முதுகுத்தண்டுவடம் சிதைந்தது. கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றுப்போயிற்று. படைத்துறை மருத்துவமனையில் நெடுங்காலம் சிகிச்சை பெற்று ஊர் திரும்பியபோது, உண்ணவும் உடுத்தவும் திரும்பிப் படுக்கவும் பிறர் கை வேண்டும் என்ற நிலை. கடற்படை அதிகாரியாக வரவேண்டிய மகனை அந்த வீட்டார் படுக்கையில் வைத்துப் பேண வேண்டியதாயிற்று. இதுவரை உள்ள கதை எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். பெரும்பாலான வீடுகளில் இந்த இடத்தில் கதவு சாத்தப்படும். உறவினர் கேட்டால், ‘மேல் கொஞ்சம் சரியில்லை’ என்று பொதுவாகச் சொல்லிவைப்பர். கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ குடும்பம் சேர்ந்து போவது நின்றுபோகும்.

ஆய்க்குடி வீட்டில் கதவு சாத்தப்படவில்லை. 1981-ஆம் ஆண்டு உலக ஊனமுற்றோர் ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபையால் அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டில் இராமகிருஷ்ணன், தமக்குச் சிகிச்சையளித்து ஊக்கமூட்டிய விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரால் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சில சிறுவர்களுக்கான பள்ளியாகத் தொடங்கியது அது. பின்னர் தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் வந்து இணைந்தார். இன்று உடற்குறையுள்ள குழந்தைகளுக்கான தொடக்கநிலைப் பயிற்சி, பள்ளி, தண்டுவடம் முறிந்தவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவு என்று அது விரிந்து நிற்கிறது. 2020-இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

எல்லா வீட்டிலிருந்தும் ஒரு சங்கம் பிறக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. எதிர்பார்ப்பது அந்தப் பெற்றோர்மேல் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும். பெற்றோர் ஆய்க்குடியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சிறிய விஷயம்தான். பிறர் கைகள் அந்த மகனைத் தொட அனுமதிக்கப்பட்டன. பெற்றோரின் கை மட்டுமே அவருக்குப் பழக்கம் என்ற நிலை உண்டாகவில்லை.

பல பெற்றோர் சறுக்குவது இங்கேதான். ‘எங்களைத் தவிர வேறு யார் கொடுத்தாலும் சாப்பிட மாட்டான்’ என்பதைப் பெருமையோடும் வருத்தத்தோடும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அது அன்பின் அடையாளம்தான். ஆயினும் அவ்வாறே விட்டுவைத்தால், பெற்றோர் கண்மூடிய அன்று காலையிலேயே அந்தப் பிள்ளை தாயை இழந்தவனாகவும் பட்டினி கிடப்பவனாகவும் ஆகிவிடுவான். துக்கவீட்டில் அவனை யார் பார்ப்பது என்ற விவாதம் அவன் காதுபடவே நடக்கும். அவனுக்குப் புரியாது என்று பேசுபவர்கள் நினைப்பார்கள். புரியும்.

பெற்றோருக்குப் பிறகு என்ற கேள்விக்குப் பெரும்பாலான குடும்பங்களில் மௌனமாக எழுதிவைத்திருக்கும் விடை, உடன்பிறந்தோர். திலகவதி அம்மையாரைவிட இதற்கு மேலான எடுத்துக்காட்டு இல்லை. தாய் மாதினியாரும் தந்தை புகழனாரும் மறைந்து, மணம் பேசப்பட்ட கலிப்பகையாரும் போர்க்களத்தில் வீழ்ந்த பின், தம்பிக்காகவே உயிர் தரித்திருந்தார் அவர். பிற்காலத்தில் அந்தத் தம்பி தாளாத சூலைநோயுடன் வந்து விழுந்தபோது திருநீறளித்துத் திருவதிகைச் சந்நிதிக்கு அழைத்துச் சென்றார். நாவுக்கரசர் நமக்குக் கிடைத்தது அந்தத் தமக்கையால். ஆனால் திலகவதியார் தாமே விரும்பி அந்தப் பொறுப்பை ஏற்றார் என்பதை மறக்கலாகாது. இன்று வேறு ஊரில் கணவன், மாமியார், பிள்ளைகள் என்று வாழும் மகளை ஒரு வார்த்தை கேட்காமலேயே, ‘அவள் பார்த்துக்கொள்வாள்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவளிடம் முன்கூட்டிப் பேசவேண்டும். முடியாது என்று அவள் சொன்னால் அதைக் குற்றமாகக் கொள்ளாமல், எவ்வளவு முடியும் என்று கேட்க வேண்டும். மாதம் ஒருமுறை வந்து பார்க்க முடியும், பணக்கணக்கைக் கவனிக்க முடியும், உடன் வைத்துக்கொள்ள முடியாது என்று அவள் சொல்லக்கூடும். அதுவும் நல்ல விடைதான். மீதிக்கு வேறு ஏற்பாடு தேட அவகாசம் கிடைக்கும்.

இந்தக் கேள்வி சட்டத்தின் காதிலும் விழுந்திருக்கிறது. 1999-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம், பெற்றோர் அல்லது காப்பாளர் இறந்தபின் ஊனமுற்றோருக்குப் பராமரிப்பும் பாதுகாப்பும் கிடைக்கச் செய்வதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகவே எழுதிவைத்திருக்கிறது. புறவுலகச் சிந்தனையற்ற ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுவளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் அது பொருந்தும். பதினெட்டு வயது கடந்தவர்களுக்குச் சட்டப்படியான காப்பாளரை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு நியமிக்கும். மனநோய்க்கு அச்சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நியமனப் பிரதிநிதி என்ற ஏற்பாடு இருக்கிறது. பெற்றோருக்குப் பின் மருத்துவமனையில் நோயாளியின் சார்பில் நிற்கத்தக்க ஒருவரை இதன்படி குறிக்கலாம்.

பணவிஷயத்தில் நல்ல குடும்பங்களும் ஒரு குழப்பத்தில் விழுகின்றன. வைப்புநிதியில் இளையவன் பெயரை நாமினியாகப் போட்டுவிட்டோம், அவன் மூத்தவனைப் பார்த்துக்கொள்வான் என்று நிம்மதியாக இருப்பார்கள். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவர். அதனாலேயே அப்பணத்துக்கு உடைமையாளர் ஆகிவிடுவதில்லை. யாருக்கு எவ்வளவு என்பதைச் சொல்வது உயில். நோயுற்ற பிள்ளையின் பராமரிப்புக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி, இரண்டு மூன்று பொறுப்பாளர்களை வைத்துத் தனியார் அறக்கட்டளையாக எழுதிவைக்கவும் 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. ஒருவர் கையில் முழுவதையும் கொடுப்பதைவிட அது பாதுகாப்பு. வீட்டுப் பத்திரத்தைப் பீரோவில் பூட்டிவைத்தால் போதும் என்று இருப்பவர்கள் ஒருமுறை வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

மத்திய அரசு ஓய்வூதியம் பெறுவோருக்கு இன்னொன்றும் உண்டு. சம்பாதிக்க இயலாத அளவுக்கு ஊனமோ மனநோயோ உள்ள பிள்ளைக்கு, விதிகளுக்கு உட்பட்டு, வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். ஆனால் பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே மருத்துவச் சான்றுடன் ஓய்வூதிய ஆணையில் அந்தப் பெயரைச் சேர்த்துவிட வேண்டும். இருவரும் மறைந்த பிறகு, தன் நோயைத் தானே எடுத்துச் சொல்ல இயலாத பிள்ளை அலுவலகம் அலுவலகமாக ஏறி அதைப் பெறுவது எளிதன்று. பலர் இந்தச் சான்றை வாங்கத் தயங்குவதற்குக் காரணம், ஊனம் என்று காகிதத்தில் எழுதிவிட்டால் அது நிலைத்துவிடுமோ என்ற அச்சம். தங்கைக்கு வரன் பார்க்கும்போது தெரிந்துவிடுமோ என்ற கவலையும் உண்டு. தெரிந்தால் விலகிப் போகிற சம்பந்தம் தெரியாமல் முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

தசைச்சிதைவு, தண்டுவடப் பாதிப்பு, அறிவுவளர்ச்சிக் குறைபாடு, கடுமையான ஊனம் உள்ளோருக்குத் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். பெரிய தொகையன்று. ஆயினும் பிள்ளையின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இயங்கவும், அவன் இருக்கிறான் என்பது ஓர் அரசுப் பதிவேட்டில் இருக்கவும் அது வழி செய்கிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் வலிதணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவைத்தால் போதும். மனநோய்க்கு 14416 என்ற தொலைபேசி எண்ணில் எந்நேரமும் தமிழில் ஆலோசனை கேட்கலாம். அந்த எண் நோயாளிக்கு மட்டுமன்று. உறக்கமின்றி அழுதுகொண்டிருக்கும் தாயும் அழைக்கலாம்.

கோவிலுக்கு வரும் மற்றவர்கள் செய்யக்கூடியது என்ன என்றால், அறிவுரையைக் குறைத்துக்கொள்வது முதலாவது. இன்ன ஊருக்குப் போனீர்களா, இன்ன ஹோமம் செய்தீர்களா என்று கேட்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ‘வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் உங்கள் மகனுடன் நான் இருக்கிறேன், நீங்கள் இருவரும் போய் நிம்மதியாகச் சாயரட்சைப் பூசை பார்த்துவிட்டு வாருங்கள்’ என்று சொல்பவர்கள் அரிது. இருபது ஆண்டுகளாகக் கணவனும் மனைவியும் ஒன்றாகச் சந்நிதியில் நின்று கற்பூர ஆரத்தி காணாத வீடுகள் உண்டு. ஒருவர் உள்ளே போனால் மற்றவர் மகனுடன் வெளிமண்டபத்தில் அமர்ந்திருப்பார். ஆடிச்சுற்றில் அம்பாளின் கால்நோவை வாங்கிக்கொள்ள ஆயிரத்தொரு சுற்று வரும் கால்களுக்கு இந்த இரண்டு மணி நேரம் பெரிதன்று.

அப்படி ஒருவர் வந்து அமர முன்வந்தால், அந்தத் தாய் ஒரு நோட்டுப்புத்தகம் எழுதிவைத்திருப்பது உதவும். காலை மாத்திரை எது, இரவு மாத்திரை எது, எது ஒத்துக்கொள்ளாது, மருத்துவர் யார் என்பது முதல் பக்கம். மற்றவை மருத்துவருக்கும் தெரியாதவை. இரசத்தில் தக்காளித் தோல் இருந்தால் தட்டைத் தள்ளிவிடுவான். மழை இடித்தால் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெயர் சொல்லி உரக்க அழைத்தால் மிரண்டுவிடுவான். வீட்டில் அழைக்கும் செல்லப்பெயர் இன்னது. கந்தசஷ்டிக் கவசம் கேட்டால் அமைதியாகிவிடுவான், ஆனால் பழைய ஒலிநாடாக் குரலில்தான். முடிவெட்டுவதற்கு இந்தக் கடையில் இந்தப் பெரியவரிடம் மட்டுமே உட்காருவான். இவற்றையெல்லாம் அவள் தன் தலைக்குள்ளேயே முப்பது ஆண்டுகளாக வைத்திருக்கிறாள். எழுத வராது என்றால் பேரப்பிள்ளை யாராவது அருகில் அமர்ந்து, அவள் சொல்லச் சொல்ல எழுதலாம். எழுதிய நோட்டை பீரோவில் வைக்காமல், நாளைக்கு அவனுடன் அமரப்போகிற ஒருவர் கையில் கொடுத்து, அவர் அதைப் படித்துவிட்டு ஒருவேளை சோறு ஊட்டிப் பார்க்கட்டும். முதல் நாள் அவன் சாப்பிடாமல் போகலாம். அடுத்த வாரமும் அவர் வரவேண்டும்.